பென்ஷன்காரனுக்கு ஏற்ற துவக்கு

என் மனைவியை ஒரு குரங்கு அறைந்துவிட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், நான் துவக்கு தேடி அலைந்த கதையைக் கேட்ட எல்லோரும் தபால் கந்தோரில் முத்திரை குத்திக் குத்தி எனக்கு மூளை கலங்கிவிட்டது என்றுதான் பேசிக்கொண்டார்கள். கலங்கியது உண்மைதான். முத்திரையால் அல்ல.

கிறிஸ்மஸுக்கு, எங்கள் பேச்சில் நத்தாருக்கு, இன்னும் சில வாரங்கள் இருந்தன. என் மனைவி முந்திரிவத்தல், செரி, இஞ்சிப்பாகு, சீனியில் காய்ச்சிய பூசணித் தோசி எல்லாவற்றையும் பொடிப்பொடியாக வெட்டி, பிரண்டியில் ஊறப்போட்டு, ஒரு பெரிய போத்தலில் அடைத்துக் குசினி மேசையில் வைத்திருந்தாள். கேக்குக்கு அது எவ்வளவு ஊறுகிறதோ அவ்வளவு நல்லது என்பது அவளுடைய கட்சி. எங்கள் வீடு பேராதனைக்கு மேலே, சரிவில் இருக்கிறது. பின்பக்கம் யாரோ வெளிநாட்டுக்குப் போனவருடைய வளவு; பலாவும் பட்டர்ஃப்ரூட்டும் பார்ப்பாரில்லாமல் மண்டிக் கிடக்கும். அங்கிருந்து ஒரு குரங்குக் கூட்டம் நேரம் தவறாமல் எங்கள் கூரைக்கு வரும். நான் வேலை பார்த்த காலத்தில்கூட அப்படி ஒழுங்காகப் போனதில்லை.

அன்று அவற்றில் பெரியது ஜன்னலைத் தள்ளிக்கொண்டு குசினிக்குள் வந்திருக்கிறது. போத்தல் மூடியைத் திருகித் திறந்திருக்கிறது. அந்த மூடியைத் திறக்க எனக்கே கை வழுக்காமல் பிடிக்கத் துவாய் வேண்டும். பாதிப் போத்தலைக் காலி செய்துவிட்டு மேசைமேல் கால் நீட்டி உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து என் மனைவி உள்ளே போயிருக்கிறாள். அகப்பையை ஓங்கினாள். அது எழுந்து, தள்ளாடி, அவள் கன்னத்தில் ஒன்று விட்டு, அகப்பையையும் பிடுங்கிக்கொண்டு வந்த வழியே போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். கீறல்கூட இல்லை. ஆனால் மானம் போயிருந்தது. அதற்கு அவர்களிடம் ஊசி இல்லை.

"முப்பத்தாறு வருஷம் உங்களோட குடும்பம் நடத்தியிருக்கேன். நீங்ககூட ஒரு நாள் கை நீட்டினதில்ல. ஒரு குடிகாரக் குரங்கு வந்து அடிச்சிட்டுப் போகுது, நீங்க ஹோல்ல பேப்பர் வாசிச்சிக்கிட்டு இருக்கீங்க!" என்றாள்.

உண்மைதான், வாசித்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலையே பல்லேகலயில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டாள். அங்கே மரமும் இல்லை, குரங்கும் இல்லை; கிரிக்கெட் மைதானத்து வெளிச்சம் மட்டும் உண்டு. வாசலில் நின்று தீர்ப்பைச் சொன்னாள்: "துவக்கோ வெடியோ என்னமோ வாங்கி அதுகள விரட்டுங்க. விரட்டினா வாறேன். இல்லன்னா எனக்கு நத்தார் அங்கதான்."

கல்யாணமான நாளிலிருந்து ஒரு நத்தாரைக்கூட நாங்கள் பிரிந்து கழித்ததில்லை. நடுச்சாமப் பூசைக்குப் போய், திரும்பி வந்து, பால் சேர்க்காத பிளேன்டியும் கேக்கும் சாப்பிட்டுவிட்டு, ஒருவர் மேல் ஒருவர் குற்றம் சொல்லிக்கொண்டு படுப்போம். அவள் இல்லாத வீட்டில் அந்த இரவு குற்றம் சொல்வதற்குக்கூட ஆள் இல்லை. ஆகவே துவக்கு வாங்குவது என்று முடிவு செய்தேன்.

துவக்கைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதன் எந்தப் பக்கம் நிற்கக்கூடாது என்பதுதான். ஆனால் என் மைத்துனனுக்கு எல்லாம் தெரியும். மனைவியின் தம்பி, நாவலப்பிட்டியில் பிறந்து வளர்ந்தவன், இப்போது அமெரிக்காவில், டெக்சாஸில் லொறி ஓட்டுகிறான். அங்கே போய்ச் சேரும்வரை எலிப்பொறிக்குக் கிட்டேகூடப் போகாதவன். இப்போது, மற்றவர்கள் பிரிட்ஜ் வாங்குவதைப் பற்றிப் பேசுவது போலத் துவக்கு வாங்குவதைப் பற்றிப் பேசுகிறான்.

"அத்தான், கண்ண மூடிக்கிட்டு செமி ஒட்டோமெட்டிக் எடுங்க," என்றான் வாட்ஸ்அப்பில். "மத்ததெல்லாம் ஒரு வெடிக்கு ஒருக்கா கையால இழுக்கணும். நீங்க இழுக்கிற வரைக்கும் குரங்கு நிக்குமா? இதுல ஒரு அமுக்குக்கு ஒரு வெடி. அமுக்க அமுக்கப் போய்க்கிட்டே இருக்கும்."

"விலை?"

"அங்கதான் நீங்க கவனமா இருக்கணும். பேருக்குக் காசு குடுக்காதீங்க. பளபளன்னு இருக்கிறத நம்பாதீங்க. குழாய்க்குள்ள துரு இருக்கான்னு பாருங்க. குண்டு ஈசியா கிடைக்குமான்னு கேளுங்க. சிக்கிக்காம வேலை செய்யணும், அதுதான் முக்கியம். பென்ஷன்ல இருக்கிற ஆளுக்கு இது போதும்."

"எங்க போய் வாங்குறது?"

"எங்கயா? கடையிலதான். நான் காலையில பாணும் பட்டரும் வாங்கப் போற கடையிலயே விக்கிறான்."

இங்கே எங்கள் கடையில் சில நாள் பாணே இருப்பதில்லை என்பதை நான் அவனுக்குச் சொல்லவில்லை. அக்காவுடைய தம்பி, பேசிப் பயனில்லை.

பேசியதோடு நிறுத்தியிருக்கலாம். அவன் ரைபிள் படங்களை எல்லாம் குடும்பக் குறூப்பில் போட்டுவிட்டான். அது கொரோனாக் காலத்தில் செபமாலை சொல்வதற்காகத் தொடங்கிய குறூப். முகப்பில் மாதாவின் படம். அதற்குக் கீழே, ஒன்றன்பின் ஒன்றாக, கறுப்பு ரைபிள்கள். ஒவ்வொன்றுக்கும் அவன் கைப்பட விளக்கம்: 'இது அத்தானுக்குப் பாரம்', 'இது மலிவு ஆனா சிக்கும்', 'இது அத்தானுக்கு அளந்து தச்ச மாதிரி.'

அடுத்த ஒரு மணி நேரத்தில் குறூப் காலியாகிவிட்டது. ஒருவர்கூட ஒரு வார்த்தை எழுதவில்லை, வெளியேறினார்கள், அவ்வளவுதான். ஹட்டனில் இருக்கும் ஒரு சித்தி, வந்த நாளிலிருந்து ஒரு 'ஆமென்'கூடப் போடத் தெரியாதவர், எப்படி வெளியேறுவது என்பதை மட்டும் சரியாகக் கண்டுபிடித்திருந்தார். நாவலப்பிட்டியில் கடை வைத்திருக்கும் ஒன்றுவிட்ட தம்பி, தன் கடைப் பையனுடைய போனிலிருந்து கூப்பிட்டான்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். நான் அந்தக் குறூப்ல இல்ல."

"தெரியும். இப்பதானே போனே."

"இல்லண்ணே. நான் அந்தக் குறூப்ல இருந்ததே இல்ல. யாராவது கேட்டா அப்படிச் சொல்லுங்க."

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் ஆட்கள் யுத்த காலத்தில் பேருந்தில் பை சோதிக்கப்பட்டு வளர்ந்தவர்கள். வீட்டுக்கு விருந்தாளி வந்தால், கோழி அடிப்பதற்கு முன் அவர் பெயரைப் பொலிசில் பதிந்துவிட்டு வந்தவர்கள். சண்டை முடிந்து எத்தனையோ வருஷமாகியும், எங்களில் ஒருவர் பெயரும் 'துவக்கு' என்ற சொல்லும் ஒரே திரையில் தெரிந்தால் கை தானாக அழிக்கிற பொத்தானைத் தேடுகிறது. டெக்சாஸ்காரனுக்கு மட்டும் அது மறந்துவிட்டது. தூரம் போனால் சில வியாதிகள் குணமாகும் போல.

நானும் சட்டப்படி நடக்கிறவன்தான். கிராம சேவகரிடம் போய்க் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"செமி ஒட்டோமெட்டிக்கா? உங்களுக்கா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"குரங்குக்கு," என்றேன்.

அவர் நல்ல மனிதர், சிரிக்கவில்லை. அது சாதாரண ஆட்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது என்றார். வேண்டுமானால் பயிர்ப் பாதுகாப்புக்கு ஒரு சொட்கன்னுக்கு மனுப் போடலாம். அதற்குக் காணி உறுதி, வைத்தியச் சான்று, அவருடைய அறிக்கை, பொலிஸ் அறிக்கை எல்லாம் வேண்டும். 'பொலிஸ்' என்றதும் நான் எழும்பிவிட்டேன். எங்கள் ஊர்ப் பொலிஸ் நிலையம் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். ஆனால் நான் அந்த இடம் வந்ததும் ரோட்டுக்கு மறுபக்கம் போய்விடுவேன். அங்கே நடைபாதை இல்லை, கழிவுநீர் ஓடுகிற கான்தான். கானில் விழுந்துகூட இருக்கிறேன். அங்கே உள்ளே போய், "ஐயா, நான் ஒரு தமிழன், எனக்கு ஒரு துவக்கு வேண்டும்," என்று கேட்பதை நினைத்துப் பாருங்கள்.

"வெடி கொளுத்திப் பாருங்களேன்," என்றார் கிராம சேவகர் மெதுவாக.

கொளுத்தினேன். குரங்குகள் கூரை விளிம்பில் வரிசையாக அமர்ந்து பெரஹெரா ஊர்வலம் பார்ப்பது போலப் பார்த்தன. பக்கத்து வீட்டு நாய்தான் ஓடிவந்து என் கட்டிலுக்கு அடியில் புகுந்து, மறுநாள்வரை வெளியே வர மறுத்தது.

பிறகு சந்தியில் காய்கறி விற்கிறவர் ஒரு வழி சொன்னார். கூரையில் ஒரு புலி பொம்மை வைத்தால் குரங்கு கிட்டே வராதாம். கம்பளைப் பக்கம் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்களாம். எனக்கும் நியாயமாகப் பட்டது. கண்டிக்குப் போய், பஞ்சடைத்த பெரிய புலி ஒன்றை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் தரிப்பிடம்வரை வந்துவிட்டேன். அங்கே வைத்துத்தான் உறைத்தது. ஒரு தமிழன் வீட்டுக் கூரையில், கண்டி ரோட்டில் போகிற வருகிற எல்லோரும் பார்க்க, ஒரு புலி!

வேர்த்துவிட்டது. திரும்பிக் கடைக்கு ஓடினேன்.

"சிங்கம் இருக்கா?" என்று கேட்டேன்.

இருந்தது. ஒருவரும் குறை சொல்ல முடியாத, தேசபக்தியுள்ள சிங்கம். அதைக் கூரையில் கட்டினேன். குரங்குகள் முதல் நாள் தள்ளி நின்று பார்த்தன. இரண்டாம் நாள் அதன் பிடரியில் பேன் பார்த்தன. அந்த வாரம் முடிவதற்குள் பஞ்சைப் பிடுங்கிக் குட்டிகளுக்கு மெத்தை போட்டுவிட்டன. பல்லேகலக்குப் போன் எடுத்தேன். "நத்தார் கேக் தங்கச்சி வீட்டுலயே போட்டாச்சு," என்றாள் என் மனைவி. கேக் அங்கே போய்விட்டதென்றால் ஆளும் அங்கேதான் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சிங்கம் வாங்கின அதே கடைக்குத்தான் மறுபடி போனேன். மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு முஸ்லிம் முதலாளியின் விளையாட்டுச் சாமான் கடை. சிங்கத்தைப் பற்றிச் சண்டை பிடிக்கலாம் என்ற எண்ணத்தில் போனவன், நிமிர்ந்து பார்த்தபோது அப்படியே நின்றுவிட்டேன். பிளாஸ்டிக் வாளிகளுக்கும் பந்துகளுக்கும் நடுவில், கம்பியில், டெக்சாஸ்காரன் 'அளந்து தைத்த மாதிரி' என்று அனுப்பிய அதே ரைபிள் தொங்கிக்கொண்டிருந்தது.

"கொரங்குக்குத் தானே சேர்?" என்றார் முதலாளி. "இப்ப எல்லாரும் கொரங்குக்குத்தான் கொண்டு போற. புள்ளையளுக்கு ஆரு வாங்குற? புள்ளையள் எல்லாம் போன்லதானே ஈக்கிது."

இறக்கிக் கையில் தந்தார். மஞ்சள் பிளாஸ்டிக் மணிகளைச் சுடும் பொம்மை. ஆனால் பார்வைக்கு அசல். நானே ஒரு நிமிஷம் தலைக்குமேல் கையைத் தூக்கியிருப்பேன்.

"இது எப்பிடி வேலை செய்யுது?"

"ஒருக்கா அமத்தினா ஒன்டு போகும். இன்னொருக்கா அமத்தினா இன்னொன்டு. செமி ஒட்டோமெட்டிக்," என்றார், பெருமையாக.

நான் மைத்துனன் சொன்னதை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எதையும் ஒழுங்காகச் செய்யாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. பெயருக்குக் காசு கொடுக்கவில்லை. பெட்டியில் எந்தக் கம்பனியின் பெயரும் இல்லை. குழாய்க்குள் துரு இல்லை; பிளாஸ்டிக் துருப்பிடிக்காது. குண்டு தாராளமாகக் கிடைக்கும். ஒரு ஜாடி இலவசம். சிக்குமா என்று கேட்டேன். முதலாளி தொங்கிக்கொண்டிருந்த வாளிகளைக் குறி பார்த்துப் படபடவென்று சுட்டுக் காட்டினார். ஒன்றுகூடச் சிக்கவில்லை. ஒன்றுகூட வாளியில் படவுமில்லை.

"கெரண்டி இருக்கா?"

"ஈக்கிதே. கடையட படி எறங்குற வரைக்கும்."

பழைய பேப்பரில் சுற்றித் தந்தார். சுற்றியதும் அது முன்பைவிடத் துவக்கு மாதிரி ஆகிவிட்டது. பஸ்ஸில் அதை முழங்கால்களுக்கு நடுவில் நட்டுவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்பதற்கு முன்பே நான் எல்லோருக்கும் பொதுவாக, "பேரனுக்கு," என்று இரண்டு பாஷையில் சொல்லிவிட்டேன். எனக்குப் பேரன் இல்லை.

வீட்டுக்கு வந்து படம் எடுத்து மைத்துனனுக்கு அனுப்பினேன். பொம்மை என்று எழுதலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் அவன் கூப்பிட்டுவிட்டான்.

"அத்தான்! எங்க பிடிச்சீங்க இத? அருமையான சாமான்! என்ன சைஸ் குண்டு?"

பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். "ஆறு மில்லிமீட்டர்," என்றேன். பொய் இல்லை.

"ஆறா! அடேயப்பா. குரங்கு தாங்காது. தோள்ள நல்லா அண்டக்குடுத்துச் சுடுங்க, உதைக்கும்."

அவ்வளவு மரியாதையோடு அவன் என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை. பொம்மை என்று சொல்ல மனம் வரவில்லை. அவன் அந்தச் சூட்டோடு அக்காவுக்கும் செய்தியைச் சொல்லியிருக்கிறான். கொஞ்ச நேரத்தில் பல்லேகலயிலிருந்து போன் வந்தது. சந்தோஷமாகப் பேசுவாள் என்று நினைத்தேன்.

"மெய்யாவே வாங்கிட்டீங்களா?" குரல் அடங்கியிருந்தது.

"வாங்கிட்டேன். நீதானே சொன்னே. இப்ப வாறியா?"

"அத யாருக்கும் காட்டாதீங்க. வெளிய கொண்டு போகாதீங்க," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

குரங்குகளை விரட்டிக் காட்டினால் வந்துவிடுவாள் என்று நினைத்தேன். ஆகவே காலையும் மாலையும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ரைபிளைத் தோளில் வைத்து, வீட்டைச் சுற்றி ரோந்து போனேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், வேலை செய்தது. மணி பட்டதால் அல்ல; மணி ஒன்றும் படவில்லை. நீட்டிப் பிடித்த மாத்திரத்தில் அவை விழுந்தடித்து ஓடின. அறுபத்திரண்டு வயதில் முதல் தடவையாக என்னைப் பார்த்து ஏதோ ஒன்று பயப்படுகிறது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

இந்தக் குதூகலம் எத்தனை நாள் நீடிக்கும்? ஒரு மாலை கேற்றுக்கு முன்னால் மோட்டார் சைக்கிள் ஒன்று நின்றது. இறங்கியவர் பொலிஸ் சார்ஜன்.

"மஹத்தயா, உங்களிடம் ஒரு துவக்கு இருக்கிறதாமே?" என்று சிங்களத்தில் கேட்டார்.

இருக்கிறது, பொம்மை, ரசீதும் இருக்கிறது, நான் தபால் திணைக்களத்தில் வேலை செய்தவன், எனக்குச் சர்க்கரை இல்லை, பிரஷர் மட்டும்தான் என்று கேட்காததை எல்லாம் சொல்லிக்கொண்டே ரைபிளை இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சார்ஜன் அதைத் தூக்கிப் பார்த்தார். எங்கள் கேற்றைக் குறி வைத்து ஒன்று விட்டார். மணி டிங் என்று பட்டுத் தெறித்தது.

"நல்ல சாமான்," என்றார். "நாளைக் காலையில் இதை ஸ்டேஷனுக்குக் கொண்டு வர முடியுமா?"

"என்ன குற்றம் ஐயா?"

"குற்றமா? குரங்கு, மஹத்தயா, குரங்கு! நீங்கள் இங்கே விரட்ட, எல்லாம் அங்கே வந்துவிட்டன. சோற்றுப் பார்சலை வைக்க முடியவில்லை. நேற்று ஒன்று எங்கள் பெரிய ஐயா ஓ.ஐ.சி.யின் தொப்பியைக் கொண்டு போய்விட்டது."

"உங்களிடம் அசல் துவக்கே இருக்கிறதே?"

சார்ஜன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அதால் குரங்கைச் சுட முடியுமா? ஒரு குண்டு குறைந்தாலும் விசாரணை. பதில் சொல்லி முடிவதற்குள் நான் பென்ஷன் போய்விடுவேன்."

மறுநாள் காலையில் புறப்படும்போது பல்லேகலக்குப் போன் எடுத்தேன். பெருமை தாங்க முடியவில்லை என்பதுதான் உண்மை.

"பொலிசுக்குப் போறேன்," என்றேன். "சார்ஜன் வந்து வரச் சொல்லிட்டுப் போனாரு. துவக்கையும் கொண்டு வரச் சொன்னாரு."

அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுந்து உடைந்த சத்தம் கேட்டது. அதோடு போன் கட்டாகிவிட்டது. திருப்பிக் கூப்பிட்டேன்; அவள் எடுக்கவில்லை. பிறகு விளக்கமாகச் சொல்லலாம் என்று நானும் விட்டுவிட்டேன்.

அன்றைக்கு நான் ரோட்டைக் கடக்கவில்லை. பொலிஸ் நிலையப் பக்கமாகவே நடந்து, தோளில் ரைபிளோடு, முன்வாசலால் உள்ளே போனேன். காவலுக்கு நின்ற பொலிஸ்காரர், அவர் கையில் அசல் துவக்கு, எனக்கு வழி விட்டு, "அந்தப் பலா மரத்தைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்," என்றார். முற்றத்தில் எனக்கு ஒரு கதிரை போட்டார்கள். பிளேன்டி வந்தது, இரண்டு மாரி பிஸ்கட்டும் வந்தது. ஒரு இளம் பொலிஸ்காரர் பக்கத்தில் குந்தியிருந்து, இதில் எத்தனை மணி போகும், கண்டியில் எந்தக் கடை, விலை குறைப்பாரா என்றெல்லாம் விசாரித்தார். பொலிஸ் என்னை விசாரித்து, நான் கால்மேல் கால் போட்டுக்கொண்டு பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. குழாயில் துரு பார்க்க வேண்டும் என்று அவருக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

குரங்குகள் வந்தன. நான் எழுந்து நீட்டிப் பிடித்தேன். கூட்டம் மதிலைத் தாண்டிப் பறந்தது. பெரியது மட்டும், அதே குடிகாரன்தான், ஜீப்பின் மேல் நின்று முறைத்தது. ஒன்று விட்டேன். மணி ஜீப்பின் கண்ணாடியில் பட்டு விழுந்தது. அது மணியைப் பொறுக்கி, வாயில் போட்டு, துப்பிவிட்டு, அவசரப்படாமல் இறங்கிப் போனது. பொலிஸ்காரர்கள் கைதட்டினார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது.

என் மனைவி இறங்கினாள். சேலையை ஒழுங்காகக்கூடக் கட்டவில்லை, தலையும் வாரவில்லை. கையில் ஒரு துணிப்பை. காவல்காரரைத் தாண்டி, யாரையும் பார்க்காமல் நேராக முற்றத்துக்கு வந்தாள். பொலிஸ்காரர்களுக்கு நடுவில், கையில் ரைபிளோடு நான் நிற்பதைக் கண்டதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. சார்ஜனைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"சேர், இவர் ஒன்றும் தெரியாதவர். தபால் கந்தோரில் வேலை செய்தவர். நான்தான் வாங்கச் சொன்னேன். என்னைப் பிடியுங்கள்," என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே போனாள்.

சார்ஜன் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். நான் ஓடிப்போய், "இது பொம்மை! பொம்மை!" என்றேன். அவளுக்குக் காதில் ஏறவில்லை. ரைபிளை அவள் கையில் கொடுத்தேன். பாரத்தை எதிர்பார்த்துப் பிடித்தவள், அது பஞ்சுபோல இருந்ததும், திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதாலேயே என் தோளில் ஒன்று போட்டாள். பொலிஸ்காரர்கள் எல்லோரும் பலா மரத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

சார்ஜன் இன்னொரு கதிரை கொண்டுவந்து போட்டார். அவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் அழுதாள். பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள். அது என்ன பை என்று கேட்டேன். பிடியைத் தளர்த்தினாள். நானே வாங்கித் திறந்து பார்த்தேன். என்னுடைய சாரம் ஒன்று, துவாய், சுவெட்டர், பெனியன், பல்துலக்கும் பிரஷ், பற்பசை, பிரஷருக்கு நான் போடுகிற குளிசை.

எங்களுக்குக் கல்யாணமாகி ஆறேழு வருஷத்தில், கொழும்புக்கு வேலை விஷயமாகப் போன இடத்தில் என்னைப் பிடித்துப் பொலிசில் இரண்டு இரவு வைத்திருந்தார்கள். அடையாள அட்டையில் பிறந்த ஊரின் பெயர் தெளிவாக இல்லையாம். அடிக்கவில்லை, ஒன்றும் செய்யவில்லை, மூன்றாம் நாள் போகச் சொன்னார்கள். சீமெந்துத் தரை, குளிர், அவ்வளவுதான். அதைப் பற்றி நாங்கள் பிறகு பேசியதில்லை. நான் கிட்டத்தட்ட மறந்துவிட்டேன் என்றே நினைத்திருந்தேன்.

சார்ஜனிடம் சொல்லிவிட்டு வெளியே வந்து அவள் வந்த அதே ஆட்டோவில் ஏறினோம். எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை.

"தங்கச்சி வீட்டுல என் சாரம் எப்பிடி வந்திச்சு?"

வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அது எப்பவும் கட்டித்தான் இருக்கும். அந்த வருஷத்துல இருந்து. அலுமாரியில என் சேலைக்குக் கீழ. உங்களுக்கு வயிறு வச்ச பொறகு பெனியன மாத்தினேன். பிரஷர் வந்த பொறகு குளிசை வச்சேன். திகதி முடிய முடிய அதையும் மாத்துவேன்."

"அத ஏன் அங்க கொண்டு போனே? கோவிச்சிக்கிட்டுத்தானே போனே?"

"கோவந்தான். அதுக்காக? நான் இல்லாத நேரத்துல வந்து கூட்டிக்கிட்டுப் போனா, யாரு கொண்டு வந்து தருவா?"

முப்பது வருஷம் ஒரே அலுமாரியைத் திறந்து மூடியிருக்கிறேன்.

ஆட்டோக்காரர் திரும்பி, பல்லேகலக்கா என்று கேட்டார். "இல்ல தம்பி, வீட்டுக்கு," என்று மேட்டுப் பக்கம் கையைக் காட்டினாள். "குரங்கு அடிச்சா அடிக்கட்டும்," என்றாள் என்னிடம்.

துவக்கைப் பொலிஸ் நிலையத்திலேயே விட்டுவிட்டு வந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. எடுத்துக்கொண்டு வரட்டுமா என்றேன்.

"அது அங்கயே இருக்கட்டும். அவங்களுக்குத்தான் பழக்கம்," என்றாள்.

நாங்கள் வந்து சேர்ந்தபோது குரங்குகள் கூரைக்குத் திரும்பியிருந்தன. அவள் அவற்றை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. நேராக அறைக்குப் போனாள். சாரத்தையும் துவாயையும் எடுத்து உதறி, மறுபடி மடித்து, அதே பையில் வைத்து, அலுமாரியில் சேலைகளுக்குக் கீழே தள்ளினாள். குளிசை அட்டை மட்டும் இன்னும் அவள் கையில் இருந்தது. அதை வாங்கித் திகதியைப் பார்த்து, முடிய இன்னும் சில மாசம் இருக்கிறது என்று சொல்லி அவளிடம் கொடுத்தேன்.